படத்தில் இல்லாத மரங்கள்

மகளின் பயிற்சித்தாள் ஓரத்தில் ஆசிரியை சிவப்பு மையால் எழுதியிருந்தது ஒரே ஒரு கேள்வி: "எதை வைத்துச் சொல்கிறாய்?"

கேள்வி வந்தது அவளுக்கு. குற்றம் என்னுடையது. அதற்கு முந்தைய வாரம் ஓர் இரவு பத்து மணிக்குக் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்பா, இந்தப் படத்தைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது? கெதியா சொல்லுங்கோ, நாளைக்குக் குடுக்கோணும்" என்றாள். நான் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்ப வேண்டியவன். அரைத் தூக்கத்தில், "சோகம் பிள்ளை. ஒரு ஏழைக் கிழவன் குளிருக்க விறகு சுமந்துகொண்டு தனியப் போறான். தனிமை எண்டு எழுது" என்றேன். அவள் அதை அப்படியே நல்ல பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"உங்களாலதான்" என்று தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

படம் பிரெஞ்சு ஓவியர் கமீல் பிசாரோ 1873இல் வரைந்த 'உறைபனி'. பாரிஸுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாஸ் ஊரிலிருந்து பக்கத்து என்னெரிக்குப் போகும் பழைய பாதையோரத்து வயல். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு இன்னும் கூச்சமாகப் போய்விட்டது. வேனில் பெட்டி கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. வாரத்தில் மூன்று நாள் என்னெரிப் பக்கம் போகிறேன். குளிர்கால விடியலில் அந்த மேட்டு வயல்கள் எப்படி இருக்கும் என்று அந்த வகுப்பில் உள்ள எவரையும்விட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை விட்டுவிட்டுத் 'தனிமை' என்றிருக்கிறேன்.

ஆகவே அந்தக் கேள்வியை நானும் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் கைபேசியில் பார்ப்பதை நிறுத்தினேன். ஒரே படத்தை மூன்று இடங்களிலிருந்து இறக்கிப் பார்த்தால் ஒன்று மஞ்சள் பூத்துக் கிடக்கிறது, ஒன்று நீலம் பாரித்துக் கிடக்கிறது, மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். மஞ்சள் படத்தைப் பார்த்தவர் மாலை வெயில் என்பார், நீலத்தைப் பார்த்தவர் கடுங்குளிர் என்பார். இரண்டு பேரும் ஓவியத்தைப் பற்றிப் பேசவில்லை, நகலின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நிறத்தை நம்பி எழும்பிய ஓவியத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஜனவரி முதல் ஞாயிறு இருவரும் கிளம்பினோம். மாதத்தின் முதல் ஞாயிறு பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. பிசாரோ படம் வரைந்த ஊரில் ஏறி, அந்தப் படம் தொங்கும் கட்டடத்தின் வாசலிலேயே இறங்கலாம், ஒரே ரயில். கட்டடமும் ஒரு காலத்து ரயில் நிலையம்தான், 1900இல் திறந்தது.

படம் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. உயரம் 65 சென்டிமீட்டர், அகலம் 93. ஆனால் பக்கத்தில் போனால் அது படம் மாதிரியே இல்லை, பூசிய சுவர் மாதிரி இருக்கிறது. தடித்த சாயம், காய்ந்த தூரிகை இழுத்த சொரசொரப்பு. வெள்ளை என்று நான் நினைத்த இடத்தில் தனி வெள்ளை எங்கேயும் இல்லை. வெளிர் மஞ்சள், சாம்பல், நீலம், மண் நிறம், அவற்றின் மேல் உரசிக்கொண்டு போன ஒரு வெளிறல். மகள் மூக்கு முட்டுமளவு குனிந்தாள். காவலர் தொண்டையைச் செருமினார்.

1874 ஏப்ரலில், பாரிஸின் கப்புசீன் பெருவீதியில் புகைப்படக்காரர் நதாருடைய பழைய கூடத்தில், பிற்பாடு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர் வாங்கிய கூட்டம் தங்கள் முதல் கண்காட்சியை வைத்தபோது இந்தப் படமும் அங்கே தொங்கியது. பிசாரோ வைத்த ஐந்து படங்களில் ஒன்று. 'ஷாரிவாரி' என்ற நகைச்சுவை ஏட்டில் லூயி லெருவா எழுதிய கிண்டல் கட்டுரை பெயர்போனது. பழைய பள்ளி ஓவியர் ஒருவரைக் கற்பனையாக உருவாக்கி, அவரைக் கண்காட்சிக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். 'உறைபனி'க்கு முன்னால் வந்ததும் அந்த மனிதர் கண்ணாடியைத் துடைக்கிறார். இதுவா உழவுச்சால், இதுவா உறைபனி, அழுக்கு ஓவியத் துணியில் சாயத்தட்டைச் சுரண்டி ஒரே சீராக அப்பியிருக்கிறார்கள், தலையும் இல்லை வாலும் இல்லை என்கிறார்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை என் நாள் தொடங்குவதே சுரண்டலில்தான். வேனின் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் இழுக்கும்போது கண்ணாடியில் என்ன மிஞ்சுமோ, அதேதான் துணியில் இருக்கிறது: கீற்றுக் கீற்றாக, மேடும் பள்ளமுமாக, சில இடத்தில் அடிநிறம் தெரிய. உறைபனி உலகத்தின் மேல் மெல்லிதாக அப்பிய ஒரு சொரசொரப்பு. பிசாரோ அதன் தோற்றத்தைப் பிரதி எடுக்கவில்லை, அது எப்படிப் படிகிறதோ அப்படிச் சாயத்தைப் படியவைத்திருக்கிறார். லெருவா குறையாகச் சொன்னதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சொல் தகராறு. நாம் 'பனி' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். வானத்திலிருந்து விழுவதும் பனி, புல்லில் துளியாக நிற்பதும் பனி, தெருவை மறைப்பதும் பனி. இந்தப் படத்தில் உள்ளது விழுந்த பனி இல்லை. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமலே நேராகப் பனிக்கட்டி ஊசிகளாகப் புல்லிலும் மண்ணிலும் படிவது. அது படிய வேண்டுமானால் இரவு முழுக்க வானம் தெளிந்திருக்க வேண்டும், நிலத்தின் சூடு மேலே போய்விட வேண்டும், காற்று அசையாமல் கிடக்க வேண்டும். அதாவது இந்தப் படம் தன் முந்தைய இரவையும் சொல்கிறது. படத்தின் முன் நின்றால் ஒரு அமைதி வருகிறதே, அது பார்ப்பவரின் மனநிலை மட்டும் இல்லை. அங்கே காற்று இல்லாமல் இருந்திருக்கிறது. அதற்கு ஆதாரம் தரையில் கிடக்கிறது.

"எதை வைத்துச் சொல்கிறாய்?" என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான பதில் இதுதான்.

அடுத்தது நேரம். மகள், "நிழல் நீளமா இருக்கு, அப்ப விடியக்காலை" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாற்பத்தொன்பது பாகை வடக்கில் இருக்கும் பொந்துவாஸில் டிசம்பர் கடைசியில் நண்பகல் வெயிலே அடிவானத்திலிருந்து பதினேழு பதினெட்டுப் பாகைக்கு மேல் ஏறாது. உச்சிவேளையிலேயே ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஆகவே குளிர்காலத்தில் நீள நிழல் மட்டும் காலைக்கு ஆதாரமாகாது. உறைபனி இன்னும் உருகவில்லை, வெயிலும் அடிக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் காலை. அந்த இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. மேகம் இல்லாத நாளில் நான் மூன்று வீட்டுக்குப் பெட்டி கொடுத்துத் திரும்புவதற்குள் வெயில் பட்ட பக்கம் கறுத்துவிடும்.

இந்தக் கணக்கைச் செய்துகொண்டிருந்தபோது இன்னொன்று உறைத்தது. பிசாரோ பிறந்தது 1830இல், கரீபியக் கடலில் அப்போது டென்மார்க் வசம் இருந்த செயின்ட் தாமஸ் தீவில். பதினெட்டுப் பாகை வடக்கு. அங்கே டிசம்பர் நண்பகலிலும் ஒருவருடைய நிழல் அவர் உயரத்தைவிடக் குறைவு. உறைபனி என்பதே கிடையாது. நிரந்தரமாகப் பிரான்சில் தங்க வந்தது 1855இல், இருபத்தைந்து வயதில். நானும் பனி அறியாத நிலத்தில் பிறந்து ஏறக்குறைய அதே வயதில் இங்கே வந்தவன். முதல் குளிர்காலத்தில் என் நிழல் என் முன்னால் ஒரு தெருவே போய்க் கிடந்ததைப் பார்த்து நின்றது நினைவிருக்கிறது. இங்கேயே பிறந்தவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. பிசாரோவுக்கு அது செய்தியாக இருந்ததா என்று படத்தை வைத்து நிறுவ முடியாது. எனக்குப் பிடித்த ஊகம், அவ்வளவே. மகளிடம் இதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி நிழல்கள். எனக்கு இந்தப் படம் இவைதான். உழவுச்சால் ஒரு பக்கமாக ஓட, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீளநீளமான நிழல்கள் வயலில் விழுந்து கிடக்கின்றன. நெடுநெடுவென்று ஒல்லியாக வளரும் பொப்லார் மரங்களின் நிழல்கள். ஆனால் அந்த மரங்கள் படத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே, நமக்குப் பக்கவாட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ எங்கேயோ நிற்கின்றன.

அன்றைய விமர்சகர் காஸ்தான்யாரி அந்தக் கூட்டத்துக்குப் பகைவர் அல்ல, பொதுவில் பரிவோடு எழுதியவர். அவருக்கே இது பொறுக்கவில்லை. கட்டத்துக்கு வெளியே நிற்கும் மரங்களின் நிழலை வயலில் வரைவது பெரும் பிழை, பார்ப்பவர் அந்த மரங்களைக் காண முடியாமல் ஊகிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினார். பழைய முறையில் ஒரு நிலக்காட்சி என்பது நன்றாக ஒழுங்கு செய்த மேடை. மேடையில் நிழல் இருந்தால் நிழலுக்கு உரியவரும் மேடையில் நிற்க வேண்டும். பிசாரோ மேடையை எடுத்துவிட்டார். ஒருவர் நடந்து வருகிறார், சட்டென்று நின்று முன்னால் இருப்பதைப் பார்க்கிறார். முதுகுக்குப் பின்னால் இருப்பது கண்ணில் படாது, ஆனால் அதன் நிழல் காலடியில் விழும். வாழ்க்கையில் நாம் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்கிறோம். படங்கள்தான் வேறு மாதிரி இருந்தன.

ஓவியத்தின் முன் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் முதுகு குறுகுறுத்தது, பொய் சொல்லவில்லை. யாரோ பின்னால் வரிசையாக நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் ஓர் இத்தாலியக் குடும்பம்.

சரி, அந்தக் கிழவர். நான் தனிமை என்று தீர்ப்பெழுதிய ஆள். முதுகில் சுள்ளிக்கட்டு, கையில் ஊன்றுகோல். அவர் முகம் சில தூரிகைத் தொடுகைகள்தான், அதில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. வயலையும் பாதையையும் வரைந்த அதே சாயத்தால், அதே தடிப்பில் அவரையும் வரைந்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி நின்றால் அவர் இன்னொரு மண்கட்டி. அதே அருங்காட்சியகத்தில் மியே என்ற ஓவியர் 1857இல் வரைந்த, கதிர் பொறுக்கும் பெண்களின் படம் இருக்கிறது. அங்கே குனிந்த மூன்று உடல்களும் முன்னிலத்தை நிறைத்து நிற்கின்றன, அவர்களுடைய பாரத்தைப் பார்க்காமல் நீங்கள் தப்ப முடியாது. பிசாரோ தன் ஆளை ஒதுக்கி, சிறிதாக்கி, தலைப்பையும் அவருக்குக் கொடுக்காமல் உறைபனிக்குக் கொடுத்துவிட்டார். ஏழை விவசாயி என்றதும் இரக்கப்படச் சொல்லிப் பழகிய கண் எனக்கு. இந்தப் படம் அதைக் கேட்கவேயில்லை.

சுமை தூக்குகிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்வேன். கடுங்குளிரில் வெறுங்கையோடு நடப்பதுதான் கொடுமை. பாரத்தோடு நடந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும், பெட்டியை இறக்கி வைத்த பிறகுதான் வேர்வை குளிரும். அவர் சுமப்பது விறகு. வீட்டில் அடுப்பு இருக்கிறது என்று அர்த்தம். நாம் நினைக்கும் அளவுக்கு அவர் பரிதாபமாக இல்லாமல் இருக்கலாம். இதுவும் என் அனுபவத்தைத் தூக்கி அவர் முதுகில் வைப்பதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் முந்தையதைவிடக் கொஞ்சம் நியாயமான பாரம்.

ரயிலில் திரும்பி வரும்போது மகள் கைபேசியில் பிசாரோவின் வாழ்க்கையைத் தேடிக்கொண்டிருந்தாள். "அப்பா! இவற்ற மகள் செத்துப்போனவ. ஒன்பது வயசுகூட ஆகேல்ல. 1874 ஏப்ரல். அதாலதான் படம் சோகம்!" மினெத் என்று வீட்டில் கூப்பிட்ட குழந்தை, கண்காட்சி திறக்கச் சில நாட்களே இருந்தபோது இறந்தாள். அந்தத் துயரம் அந்த வீட்டில் என்ன செய்திருக்கும் என்பதை ஒரு தகப்பனாக என்னால் ஊகிக்க முடிகிறது. ஆனால் படம் 1873. குழந்தை அப்போது உயிரோடு இருந்தாள். "வருஷத்தைப் பார்" என்றேன். பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது, நல்ல விடை கையிலிருந்து நழுவிய சுருக்கம்.

வாழ்க்கை வரலாறு இப்படித்தான் ஏமாற்றும். இன்னொரு பக்கமும் இழுக்கலாம். 1870இல் பிரஷ்யப் படை வந்தபோது பிசாரோ குடும்பம் லூவ்சியென் வீட்டை விட்டு லண்டனுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது இருபது வருட உழைப்பில் பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. வீட்டில் தங்கிய சிப்பாய்கள் சேற்றில் கால் நனையாமலிருக்க ஓவியங்களைத் தரையில் போட்டு மிதித்தார்கள் என்று சொல்வதுண்டு. 1872இல் பொந்துவாஸுக்குக் குடிவந்து அவர் வரைந்தவற்றில் ஒன்று இது. போர், அகதி வாழ்க்கை, இழப்பு: நாங்கள் உடனே தலையாட்டிவிடுவோம், எங்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் அந்தக் கதையைத் தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டினால் போர் தெரியுமா? தெரியாது. மிதிபட்ட படங்களுக்குப் பிறகு ஒரு மனிதர் மறுபடி தூரிகையை எடுத்து, வயலில் நிழல் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டு குளிரில் நின்றார் என்பது மட்டும் தெரியும். எனக்கு அது குறைவாகப் படவில்லை.

நம் அகப்பாடல் இலக்கணம் நிலத்தையும் உணர்ச்சியையும் சேர்த்தே பார்க்கப் பழக்கியது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்பவையும் புழங்குபவையும் கருப்பொருள், மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். ரயிலில் விளையாட்டாக இந்தப் படத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நிலம் வயல், சிறுபொழுது விடியல். மருதம்! அப்படியானால் உரிப்பொருள் ஊடல். விறகு சுமப்பவர் பெண்சாதியோடு கோபித்துக்கொண்டா போகிறார்? மகளுக்கு இதை விளக்கியதும் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஆனால் அந்த விளையாட்டு எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. பிசாரோ முதலைக் கொடுக்கிறார், கருவைக் கொடுக்கிறார், உரியைக் கொடுக்கவில்லை. அந்த இடம் காலி. அதைக் கண்டதும் நாம் அவசரப்பட்டு நிரப்பிவிடுகிறோம். தனிமை, ஏழ்மை, மகளின் சாவு, போர், ஏதாவது ஒன்று.

அந்தக் கூட்டத்தின் மற்ற ஓவியர்களிடமும் இதுதான். மொனே 1868-69 குளிர்காலத்தில் எத்ரதா பக்கம் வரைந்த 'மேக்பை' படத்தில் வேலிக்கதவின் மேல் ஒற்றைப் பறவை. பார்க்கிறவர்கள் எல்லோரும் பறவையின் தனிமை என்கிறார்கள், பனியில் விழுந்த வேலி நிழலின் நீலத்தை விட்டுவிடுகிறார்கள். சிஸ்லே 1876இல் போர்-மார்லி என்ற ஊரின் வெள்ளத்தை வரைந்தார். ஊரே தண்ணீரில் நிற்கிறது, படம் அப்படி ஓர் அமைதி. வெள்ளம் என்ற சொல்லை வைத்துப் பார்த்தால் துயரம், தண்ணீரில் கிடக்கும் வானத்தை வைத்துப் பார்த்தால் வேறு. இவை தனிப் பதிவுக்கு.

மகள் கட்டுரையைத் திருத்தி எழுதினாள். நான் இந்த முறை வாய் திறக்கவில்லை. முதல் வசனத்தை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினாள்: "முந்தைய இரவு காற்று இல்லை." கிழவரைப் பற்றி என்ன எழுதினாய் என்று கேட்டேன். "விறகு கொண்டு போறார் எண்டு எழுதினனான்" என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை நல்ல உறைபனி. கெஞ்சிக் கூத்தாடி அவளை எழுப்பி வேனில் ஏற்றிக்கொண்டு என்னெரிப் பக்கம் போனேன். பிசாரோ நின்ற அதே இடம் என்று சொல்ல மாட்டேன், ஒரு மேட்டு வயல், ஓரத்தில் சில மரங்கள். வெயில் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் பட்ட இடமெல்லாம் உருகி ஈரப் பச்சை. மர நிழல் கிடந்த இடம் மட்டும் வெள்ளை. நிழல் மெல்ல நகர்ந்துகொண்டே வர, அது அப்போதுதான் விட்டுப்போன இடத்திலும் சிறிது நேரம் வெள்ளை அப்படியே கிடந்தது, இப்போதைய நிழலுக்குப் பக்கத்தில் சற்று முன்னைய நிழல் மாதிரி. இத்தனை வருடம் இந்தப் பாதையில் ஓடியும் நான் இதைக் கண்டதில்லை. கண்ணாடியைச் சுரண்டிவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விடுவேன்.

மகள் கையுறையைக் கழற்றி ஒரு படம் எடுத்தாள். பிறகு திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். வெயில் எங்கள் முதுகுப் பக்கம். வயலின் நடுவே எங்கள் இருவருடைய நிழலும் வேனின் நிழலும் நீளமாகப் போய் விழுந்திருந்தன.

"சீ, எங்கட நிழல் வந்திட்டுது. அழிச்சிட்டு இன்னொண்டு எடுக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "இருக்கட்டும்."